கிட்டிலிருந்து செய்த மர இழைப்புளி: வாய் அகலமாக இருந்தும் சீவல் அடைப்பது ஏன்?

புதுச்சீவல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிட்டாக வாங்கிய ஒரு மர இழைப்புளியை நானே அறுத்து, ஒட்டி, தீட்டி முடித்திருக்கிறேன். என் கையால் செய்த முதல் கருவி இதுதான். பெட்டியில் 38 மி.மீ. அகலமுள்ள கனத்த எஃகுத் தகடு, அதன்மீது திருகி வைக்கும் மேல்தகடு, இரண்டையும் பிணைக்கும் திருகு, 10 மி.மீ. பித்தளைக் குறுக்குக் கம்பி, நன்கு காய்ந்த பீச் மரக்கட்டை, ஆப்புக்கான ஒரு துண்டு ஆகியவற்றோடு ஒரு குறிப்புத்தாளும் இருந்தது.

கட்டையின் இரு பக்கங்களிலும் பலகையாக அறுத்தெடுத்து, நடுக்கட்டையில் தகடு சாய்ந்து உட்காரும் பின்பக்கச் சாய்தளத்தை 45 டிகிரியிலும் முன்சுவரை 60 டிகிரியிலும் வெட்டி, பக்கப் பலகைகளை மீண்டும் அதே இடத்தில் ஒட்டினேன். ஒட்டும்போதே தகடு வாய் (அடிப்பரப்பில் கூர்முனை எட்டிப்பார்க்கும் பிளவு) வழியாக வெளிவரும்படி கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன். பசை காய்ந்தபின் பார்த்தால் அடிப்பரப்பு சற்றே முறுக்கியிருந்தது. கண்ணாடிப் பலகையின்மேல் உப்புத்தாளை ஒட்டி வைத்து அதைத் தேய்த்துச் சமமாக்கியதில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே மரம் போய்விட்டது. வாய் இப்போது ஏறக்குறைய 2 மி.மீ. திறந்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். முதல் இரண்டு, மூன்று இழுப்புகளில் சீவல் அழகாகச் சுருண்டு வருகிறது. அடுத்த இழுப்பில் வாய்க்குள் மடிந்து, விசிறிபோல் நெருங்கிக்கொண்டு அடைத்துவிடுகிறது. ஆப்பைக் கழற்றி, குச்சியால் குத்தி எடுத்து, மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. கடினமான மரத்தில் வைத்தால் தகடு கடகடவென்று அதிர்ந்து, பரப்பில் படிக்கட்டுபோன்ற வரிகளை விடுகிறது. இழை எதிராக ஓடும் இடங்களில் மரம் பிய்ந்து வருகிறது. குறிப்புத்தாளில் அடைப்பைப் பற்றி இருப்பது ஒரே வரிதான்: வாயை அரத்தால் பெரிதாக்கவும். இனியும் பெரிதாக்கினால் பெருவிரலே நுழைந்துவிடும் என்று தோன்றுகிறது.

இழைப்புளியின் இந்த மர உடம்பைக் காப்பாற்ற வழி உண்டா, அல்லது விறகாகவே கருதிவிட வேண்டியதுதானா? இதே அளவில் இன்னொரு கிட்டும் கையில் இருக்கிறது; அதில் எந்த வேலையை எதற்குப் பின் செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய உளி

வணக்கம் நண்பரே. அரத்தைத் தயவுசெய்து பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். 2 மி.மீ. திறந்திருக்கும் வாயில் மெல்லிய சீவல் அடைக்கிறதென்றால் தவறு வாயில் இல்லை. வாய் என்பது சீவல் நுழையும் வாசல் மட்டுமே. நுழைந்தபின் மேலே ஏறிப்போகும் வழியில்தான் ஏதோ அதன் முனையைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சீவலின் முனை மாட்டிக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் மடிந்துகொண்டே போகும். நீங்கள் சொல்லும் விசிறி மடிப்பு அப்படி உண்டாவதுதான்.

அடுத்த முறை அடைத்தவுடன் குச்சியால் குத்தாமல், ஆப்பை மெல்லத் தளர்த்தி, தகட்டையும் மேல்தகட்டையும் அப்படியே சேர்த்து வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேல்தகட்டின் முன்விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய தூள் அல்லது சீவலின் நுனி செருகியிருந்தால் காரணம் அங்கே இருக்கிறது என்று பொருள். கிட்டில் வரும் மேல்தகடுகள் பெரும்பாலும் இயந்திரத்தில் வெட்டிய நிலையிலேயே வருகின்றன. கண்ணுக்கு நேராகத் தெரியும் விளிம்பு, தகட்டின்மேல் திருகி ஜன்னலை நோக்கிப் பிடித்தால் நூலிழை அளவு வெளிச்சத்தைக் காட்டும். அந்த நூலிழை போதும். மேல்தகட்டின் அடிப்பக்கத்தைச் சாணைக்கல்லில் தேய்க்கும்போது, அதன் வால்பகுதி கல்லின் மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு பிடியுங்கள். அப்போது முன்விளிம்பு மட்டும் தகட்டில் அழுந்தும், பின்னால் சிறு இடுக்கு இருக்கும். முதலில் தகட்டின் தட்டையான முதுகு, கூர்விளிம்பையொட்டிப் பத்துப் பதினைந்து மில்லிமீட்டராவது கண்ணாடிபோல் சமமாக இருக்க வேண்டும். அது இல்லாமல் மேல்தகட்டை எவ்வளவு தேய்த்தாலும் இரண்டும் பொருந்தாது.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஆப்பின் மூக்கைப் பாருங்கள். புதிதாகச் செய்பவர்கள் ஆப்பை நீளமாக விட்டுவிடுவது வழக்கம். அதன் நுனி குறுக்குக் கம்பியைத் தாண்டிக் கீழே நீட்டிக்கொண்டு, மேல்தகட்டின் வளைவின்மேல் ஒரு சிறு படியாக நிற்கும். மேலேறி வரும் சீவல் அந்தப் படியில் முட்டும். நுனியைக் கம்பிக்குக் கீழே சில மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்து, மேல்தகட்டோடு ஒட்டித் தவழும்படி மெலிதாகச் சரித்துவிடுங்கள். நான் செய்த முதல் இழைப்புளியில் இந்தப் படியை அறியாமல் ஒரு மாதம் வாயையே அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த உடம்பு இன்று கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுக்கும் கட்டையாகப் பயன்படுகிறது.

முன்சுவரும் ஒரு முறை பார்க்கத்தக்கது. அரத்தை நட்டுக்குத்தாகப் பிடித்து வாயைத் திறந்திருந்தால், வாய்க்கு நேர் மேலே 60 டிகிரிச் சாய்வு போய்ச் செங்குத்தான ஒரு பட்டை உருவாகியிருக்கும். அதன் மேல்முனையை உளியால் நீக்கி வழியை மேல்நோக்கி விரியச் செய்தால் போதும்.

மூலைமட்டம்

முன்னவர் அடைப்பைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. நான் அதிர்வைப் பற்றியும் வாய் ஏன் இப்படி அகன்றது என்பதைப் பற்றியும் எழுதுகிறேன்; ஏனெனில் இரண்டாவது கிட்டுக்கு அதுதான் பயன்படும்.

45 டிகிரியில் தகடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. 60 டிகிரியில் முன்சுவர் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறது. அதாவது உள்வழி மேலே போகப்போக விரிகிறது. அப்படியானால் கீழிருந்து மரத்தைக் குறைக்கக் குறைக்க வாய் அகல்வது தவிர்க்க முடியாதது. 1 மி.மீ. குறைந்தால் தகட்டின் பக்கம் 1 மி.மீ., சுவரின் பக்கம் ஏறக்குறைய 0.6 மி.மீ., ஆக மொத்தம் 1.6 மி.மீ. அகலும். கால் மில்லிமீட்டரில் தொடங்கிய உங்கள் வாய் ஒரு மில்லிமீட்டர் தேய்மானத்தில் 2 மி.மீ. அருகே வந்ததில் வியப்பே இல்லை, கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆகையால் ஒட்டும்போது வாய் மூடியே இருக்க வேண்டும். தகடு அடிப்பரப்பை எட்டாமல் உள்ளேயே முட்டி நிற்க வேண்டும். அடிப்பரப்பைச் சமமாக்கும் வேலை முழுவதும் முடிந்தபின், கடைசியாக, மெல்லிய அரத்தால் முன்சுவரின் கீழ்முனையை இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தகட்டை வைத்துப் பார்த்துத் திறக்க வேண்டும். இப்படி அறுத்து ஒட்டிச் செய்யும் முறையைப் பரவலாக்கிய மரக் கைவினைஞர் ஜேம்ஸ் கிரெனோவின் (1920–2009) வழியில் செய்பவர்கள் எல்லாரும் வாயைக் கடைசி வேலையாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, அடிப்பரப்பைத் தேய்த்தபோது தகடும் ஆப்பும் உள்ளே இறுகியிருந்தனவா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆப்பை அடித்ததும் அது ஒரு பக்கம் குறுக்குக் கம்பியை மேலே தள்ளுகிறது, மறுபக்கம் சாய்தளத்தைக் கீழே அழுத்துகிறது. வாய்க்குப் பின்னால் அடிப்பரப்பு மயிரிழை அளவு புடைத்துக்கொள்ளும். வெறும் உடம்பைச் சமமாக்கினால் ஆப்பு ஏறியதும் அந்தச் சமம் போய்விடும். தகட்டை அடிப்பரப்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே இழுத்துவைத்து, வேலையின்போது எவ்வளவு இறுக்குவீர்களோ அவ்வளவு ஆப்பை இறுக்கி, பென்சிலால் அடிப்பரப்பு முழுதும் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். இழைப்புளியின் மூக்கு (முன்முனை), வாய்க்கு நேர் முன்னால் உள்ள பட்டை, வால் (பின்முனை) ஆகிய மூன்று இடங்களிலும் பென்சில் கோடு ஒரே சமயத்தில் மறைந்தால் நிறுத்திவிடலாம்.

இனி அதிர்வு. தகடு சாய்தளத்தில் முழுதாக உட்காரவில்லை என்பதே பெரும்பாலும் இதன் பொருள். தகட்டின் கீழ்ப்பக்கத்தில் மார்க்கர் மையைத் தடவி, காயும்முன் வைத்து, ஆப்பை இறுக்கிவிட்டு எடுத்துப் பாருங்கள். மை ஒட்டிய இடமே மேடு. வாயருகே இரு மூலைகளிலும் மை படாமல் நடுவில் மட்டும் ஒரு திட்டு தெரிந்தால் தகடு ஊசல்போல் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டை உளியின் விளிம்பால் சுரண்டி எடுங்கள். நடுவில் துளி பள்ளம் இருப்பதால் கெடுதல் இல்லை, மேடு இருக்கக் கூடாது. இதைச் செய்யும்போது சாய்தளமும் பக்கப் பலகையும் சேரும் மூலையை நகத்தால் வருடிப் பார்க்கவும். ஒட்டும்போது பிதுங்கி வந்த பசை அங்கே கடுகளவு உருண்டையாகக் காய்ந்து நிற்கும். கனத்த தகட்டின் ஒரு மூலையைத் தூக்கிப்பிடிக்க அந்தக் கடுகே போதுமானது.

உங்கள் கிட்டில் திருகின் தலை தகட்டுக்குக் கீழே வருமானால், அதற்காகச் சாய்தளத்தில் ஒரு பள்ளக்கோடு வெட்டியிருப்பீர்கள். திருகின் தலை அந்தப் பள்ளத்தின் அடியைத் தொடுகிறதா என்பதையும் சோதியுங்கள். தொட்டால், சாய்தளம் எவ்வளவு சமமாக இருந்தாலும் தகடு திருகின்மேல் நின்று ஆடும்.

ஒற்றைத்தகடு

எனக்கு மேல்தகட்டின்மேல் நம்பிக்கை இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது கட்டையில் சாய்தளத்தை 55 அல்லது 60 டிகிரியில் வெட்டி, ஒற்றைத் தகட்டோடு செய்து பாருங்கள். இழை பிய்வது நிற்கும், சீவல் செருகுவதற்கு இடுக்கே இருக்காது, தீட்டுவதற்கும் ஒரு பொருள் குறைவு. பழைய இழைப்புளிகள் பல இப்படித்தான் இருந்தன.

பழைய உளி

ஒற்றைத்தகடு நண்பரின் வழி தவறானது அன்று. சிறிய இழைப்புளிக்கு நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் கையில் இருப்பது எல்லா மரத்துக்கும் ஒரே கருவி என்றால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 60 டிகிரித் தகட்டைத் தள்ளுவதற்குக் கூடுதல் விசை வேண்டும். முனையும் விரைவில் மழுங்கும். மென்மரத்தில் பரப்பு மினுமினுக்காமல் மங்கித் தெரியும். 45 டிகிரியில் மேல்தகட்டைச் சரியாக நிறுத்தினால் இரண்டு மரத்துக்கும் அதே கருவி ஒத்துவரும்.

சரியாக என்பது எவ்வளவு என்பதுதான் இங்கே பேச வேண்டியது. மேல்தகட்டின் விளிம்பு கூர்முனைக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால் நின்றால் அது தகட்டுக்குக் கனம் சேர்க்கும், வேறொன்றும் செய்யாது. 0.2 மி.மீ. அளவுக்கு நெருங்கினால்தான் சீவலை எழும்பிய உடனேயே முன்னோக்கி மடக்கி, அது மரத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடாமல் தடுக்கும். ஜப்பானின் யமகத்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவாய், கட்டோ ஆகிய பேராசிரியர்கள் இதை மிக அருகிலிருந்து படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். மேல்தகட்டின் முன்முகம் தட்டையாகச் சரிந்திருந்தால் இவ்வளவு நெருங்கியும் பயன் இருக்காது. கல்லில் இரண்டு மூன்று முறை இழுத்து, விளிம்பில் 50 டிகிரிக்குக் குறையாத ஒரு சிறு முகத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அளவுகோலால் 0.2 மி.மீ. பார்க்க இயலாது. நான் செய்வது இது: திருகைப் பாதி இறுக்கி, மேல்தகட்டைக் கூர்முனையை நோக்கி மெல்ல நகர்த்துவேன். வெளிச்சத்தில் தகட்டின் முதுகு ஒரு பளபளக்கும் பட்டையாகத் தெரியும். அது மெலிந்து மெலிந்து ஒரு தலைமயிர் கிடப்பதுபோல் ஆனதும் கையை நிறுத்தித் திருகை முழுதாக இறுக்குவேன். இறுக்கும்போது அது முன்னால் சற்று வழுக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். பழகப் பழகத்தான் வரும்.

இப்படி நெருக்கி வைத்தால் ஒரு விளைவும் உண்டு. மேல்தகடு இழை பிய்வதைத் தடுக்கும்போது வாய் நூலிழை அகலத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டையும் சேர்த்து நெருக்கினால் சீவல் திரும்ப இடமின்றி நிச்சயம் அடைக்கும். ஆகவே உங்கள் 2 மி.மீ. வாயோடுகூட நல்ல பரப்பைப் பெறலாம். விறகாக்கும் எண்ணத்தை விடுங்கள்.

மூலைமட்டம்

அகன்ற வாய் உறுத்தினால் ஒட்டுப் போடலாம். வாய்க்கு முன்னால் அடிப்பரப்பில் 5 அல்லது 6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு செவ்வகப் பள்ளம் வெட்டி, இழை உடம்பின் நீளவாக்கில் ஓடும்படி கடினமரத் துண்டொன்றை வாயை மூடும் அளவுக்குப் பின்னால் தள்ளி ஒட்டி, காய்ந்தபின் அடிப்பரப்போடு சமமாக்கி, பிறகு மேலே சொன்னபடி திறக்க வேண்டும். நெடுநாள் புழங்கித் தேய்ந்த மர இழைப்புளிகளின் வாயைப் பழுதுபார்க்கும் முறையும் இதுவே. தேக்கைத் துண்டாக எடுத்தால் ஒட்டுவதற்கு முன் ஒட்டும் முகத்தை அசிட்டோனில் துடைத்துவிடுங்கள், அதன் எண்ணெய்ப் பசை ஒட்டும் பசையைப் பிடிக்க விடாது.

புதுச்சீவல்

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

தகட்டையும் மேல்தகட்டையும் சேர்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபோது இடது மூலையில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. அதே இடத்தில் மாவுபோன்ற தூள் செருகியிருந்தது. கல்லில் தேய்த்து அந்த இடுக்கை இல்லாமல் செய்தேன். அடைப்பு பாதியாகக் குறைந்ததே தவிர முழுதாக நிற்கவில்லை. ஆப்பின் மூக்கு கம்பிக்குக் கீழே பதினைந்து மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அதைக் குறைத்துச் சரித்த பின்பு இருபது இழுப்புவரை நிறுத்தாமல் இழைத்துப் பார்த்தேன், ஒருமுறைகூட அடைக்கவில்லை.

அதிர்வுக்குக் காரணம் இரண்டு. மை சோதனையில் வலது மூலையில் ஒரே ஒரு கரும்புள்ளி விழுந்தது. அது பசை உருண்டைதான். சுரண்டியதும் அதிர்வு குறைந்தது. ஆயினும் கடினமரத்தில் லேசான நடுக்கம் இருந்தது. திருகின் தலையைப் பற்றி எழுதியிருந்தது நினைவுக்கு வர, பள்ளத்துக்குள் சிறிது மையைத் தடவிப் பார்த்தேன். திருகின் தலையில் பிறைபோல் மை ஒட்டியிருந்தது. பள்ளத்தை ஒரு மில்லிமீட்டர் ஆழப்படுத்தினேன். இப்போது அதே மரத்தில், அதே இடத்தில், இழைப்புளி சத்தமே மாறி ஒரே சீராக ஓடுகிறது.

மேல்தகட்டை மயிரளவுக்கு நெருக்குவது இன்னும் கைவரவில்லை. இருமுறை கூர்முனையையே தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் முறை அமைந்தபோது, முன்பு பிய்ந்துகொண்டிருந்த கணுவின் ஓரம் பிசிறில்லாமல் வந்தது. சீவலும் சுருளாக வராமல் நிமிர்ந்து நேராக எழும்பியது. அது சரிதானா? வாய்க்கு ஒட்டுப் போடும் வேலையை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது கட்டை பற்றி ஒரே ஒரு ஐயம். நடுக்கட்டையைத் தகட்டின் அகலத்துக்குச் சரியாக, அசையாதபடி 38 மி.மீ. என்றே அறுத்துவிடலாமா? முதலாவதில் தகடு பக்கவாட்டில் ஆடுவதாக ஓர் எண்ணம்.

பழைய உளி

சீவல் நிமிர்ந்து நேராக எழும்புவது மேல்தகடு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கசங்கிச் சுருங்கி வந்தால் அளவுக்கு மிஞ்சி நெருங்கிவிட்டது என்று கொஞ்சம் பின்னால் இழுங்கள்.

38 என்று அறுக்கவே கூடாது. மரம் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப அகலவாட்டில் விரிந்து சுருங்கும். எஃகு அப்படிச் சுருங்காது. வறண்ட காலத்தில் உடம்பு சுருங்கும்போது உள்ளே இறுக்கமாக நிற்கும் தகடு பக்கப் பலகைகளை இருபுறமும் நெட்டித் தள்ளி, ஒட்டிய இடத்தையோ பலகையையோ பிளந்துவிடும். நடுக்கட்டை 40 மி.மீ. இருக்கட்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் வீண் அன்று. கூர்முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து வெட்டினால், சிறு சுத்தியலால் தகட்டின் மேல்முனையில் பக்கவாட்டில் தட்டி நேராக்குவதற்கு அந்த இடம்தான் உதவுகிறது.

கட்டையை அறுக்கும்முன் அதன் பக்கத்தைத் திருப்பி இழை ஓடும் திசையைப் பாருங்கள். முன்பக்கம் மேலிருந்து பின்பக்கம் கீழாக இறங்கும்படி கட்டையை வைத்துக்கொண்டால் அடிப்பரப்பின் இழைநுனிகள் வாலை நோக்கிப் படுத்திருக்கும், தள்ளும்போது பிசிறு எழாது. அறுத்த பலகைகளை ஒட்டும்முன் நான்கு மூலைகளிலும் மரமுளை அடித்துப் பொருத்திவிடுங்கள். பசை ஈரமாக இருக்கையில் பலகை வழுக்கினால்தான் முதலாவதில் வந்ததுபோன்ற முறுக்கு வரும். முளை அடித்த முனைகளைப் பிறகு அறுத்து எறிந்துவிடலாம்.

வேலை முடிந்து வைக்கும்போது ஆப்பை ஒரு தட்டுத் தட்டித் தளர்த்தி வையுங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம், தகடு விழாமல் நிற்கும் அளவு போதும்.